மறு: மறு: ‘ஸ்டார்ம் ஸ்பாட்டர்’ – புயலா, முகிலா?

குழுவினருக்கு வணக்கம்.

ஞாயிறு காலை பயிற்சி வகுப்பு. சனிக்கிழமைக்குள் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். மழைமானி, காற்றுமானி, மேகச்சுவர், கவிழ்கிண்ணம் என்று மற்றதற்கெல்லாம் தமிழ்ச்சொல் முடிவாகிவிட்டது. இடிமேகத்தை நேரில் பார்த்து உடனே தகவல் சொல்லும் தன்னார்வலருக்கான ‘ஸ்டார்ம் ஸ்பாட்டர்’ மட்டும் முதல் பக்கத்தில் ஆங்கிலமாகவே கிடக்கிறது. வந்த மடல்களுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன்.

> ‘புயல் நோக்கர்’ போதும். புயல் என்றால் எல்லோருக்கும் புரியும்.

எதைப் புரிந்துகொள்வார்கள் என்பதுதான் சிக்கல், ஐயா. புயல் என்றதும் கடலில் உருவாகி, பெயர் சூட்டப்பட்டு, நாள்கணக்கில் நகர்ந்து கரையைக் கடப்பதுதான் மனத்தில் வருகிறது. அதைச் செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும். நம் தன்னார்வலர் பார்ப்பது இடிமேகத்தின் அடிவயிற்றை. ரேடாரின் கதிர் 0.5 பாகைச் சாய்வில் கிளம்பினால், 100 கிலோமீட்டர் தாண்டும்போது தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். சாய்வு ஒரு காரணம், பூமியின் வளைவு இன்னொன்று. அதற்குக் கீழே மேகச்சுவர், அதாவது இடிமேகத்தின் அடியில் தாழ்ந்து தொங்கும் பகுதி, சுழல்கிறதா, விழுகிற ஆலங்கட்டி எவ்வளவு பெரிது, தரையில் புழுதி சுழன்று எழுகிறதா என்பதெல்லாம் அந்தக் கதிருக்குத் தெரியாது. அங்கே ஒரு மனிதக் கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> புயலுக்குப் பழைய பொருளே மழை, முகில் என்பதுதான். ‘புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்’ என்கிறது குறள். பிற்காலத்தார் குறுக்கிய பொருளுக்கு நாம் ஏன் அடங்க வேண்டும்?

14ஆம் குறளில் புயல் மழைதான், மறுக்கவில்லை. ஆனால் கையேட்டைப் படிக்கப்போகிற பதினெட்டு வயதுப் பெண்ணிடம் முதலில் குறளை விளக்கி, பிறகு சொல்லை விளக்கி, அப்புறம் மேகத்துக்கு வர எனக்கு நேரமில்லை. சொல் அவளை நேரே மேகத்தின்முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

> வீட்டிலேயே வானிலை நிலையம் வைத்திருப்பவர்களும் இதே ஆட்கள்தானே? இருவருக்கும் ‘வானிலையாளர்’ என்று ஒரே சொல் போதாதா?

ஆள் ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு. போன மழைக்காலத்தில் ஒருநாள் முற்றத்தில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது, என் திரையிலோ மழையளவு சுழியம். ஏணி வைத்து ஏறி மழைமானியின் புனலைக் கழற்றினேன். ஒவ்வொரு 0.2 மில்லிமீட்டர் மழைக்கும் ஒருமுறை சாய்ந்து எண்ண வேண்டிய கவிழ்கிண்ணத்தின் ஒரு விளிம்பையும் பக்கச் சுவரையும் சேர்த்து ஒரு சிலந்தி நூல் இழுத்துக் கட்டியிருந்தது. மயிரிழை கனம்கூட இல்லை. கிண்ணம் நிரம்பி, சாய முடியாமல், வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. நிலையம் வைத்திருப்பவரின் பாடு இது: கருவியைத் துடைப்பது, சமன் பார்ப்பது, எண்ணைச் சந்தேகிப்பது. மற்றவரின் பாடு, வந்துகொண்டிருக்கிற மேகத்தைப் பார்த்து உடனே சொல்வது. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் இரண்டும் கெடும்.

> ‘ஒற்றர்’ இருக்க வேறு ஏன்? ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’. ஒருவர் சொன்னதை இன்னொருவரைக் கொண்டு சரிபார்ப்பது. உங்கள் வேலையேதான்!

இந்த மடலை மூன்று முறை படித்தேன். 588ஆம் குறள் இவ்வளவு பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தனியாகத் தொங்கும் கிழிந்த மேகத்தைப் பார்த்துச் சுழற்காற்று என்று ஒருவர் பதறிச் சொல்வது அடிக்கடி நடக்கும். வேறொரு திசையில் நிற்பவர் ‘சுழற்சி இல்லை’ என்றால்தான் தெளிவு பிறக்கும். இந்தக் குறளைக் கையேட்டில் சேர்க்கிறேன். சொல்லை மட்டும் சேர்க்க முடியவில்லை. தொலைநோக்கியும் கையுமாகச் சாலையோரம் நிற்பவரிடம் யாராவது ‘நீ யார்’ என்று கேட்டால், ‘ஒற்றர்’ என்று அவர் சொல்ல முடியுமா?

> புறநானூறு 30: ‘சென்றளந்து’. ‘வளியளந்தார்’ என்று ஆக்கலாம்.

அம்மா, அந்தப் பாட்டு போகாமலே போய் அளந்தவர்போல ‘இவ்வளவு’ என்று சொல்கிறவர்களைப் பற்றியது. கண்டதை மட்டும் சொல், கணித்ததைச் சொல்லாதே என்பது எங்கள் முதல் விதி. சொல் அழகுதான், ஆனால் விதிக்கு நேர் எதிராக நிற்கிறது.

> ‘மேகங்காணி’?

என் பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியிடம் வேலை பார்த்தவர். அந்த ஓசையை ஒரு தன்னார்வலரின் சட்டையில் எழுத என் கை வராது. இதற்கு மேல் காரணம் கேட்க வேண்டாம்.

ஆகவே என் முன்மொழிவு: முகில்நோக்கர். ‘வானோக்கர்’ என்றால் விண்மீன் பார்ப்பவர் என்று தோன்றிவிடும்.

அன்புடன்.

– – –

‘முகில்நோக்கர்’ பிழை. லகரத்தின்பின் நகரம் வந்தால் னகரமாகத் திரியும், நிலைமொழி லகரம் கெடும். ‘முகினோக்கர்’ என்றே எழுதுங்கள். புதுச்சொல்லாவது இலக்கணத்தோடு பிறக்கட்டும்.

– – –

ஐயா, ‘கால்நடை’யைக் ‘கானடை’ என்று இன்று யார் எழுதுகிறார்கள்? ‘முகினோக்கர்’ என்றால் முகில் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ‘வானிலை’யில் அந்தத் தொல்லை இல்லை, வான் கண்ணுக்குத் தெரிகிறது.

– – –

பேச்சு திசைமாறுகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1802இல் இரண்டு பேர் மேகங்களுக்குப் பெயர் வைத்தார்கள். பிரான்சில் இயற்கையியலாளர் லமார்க் தம் தாய்மொழியில் வைத்தார், நிலைக்கவில்லை. லண்டனில் லூக் ஹோவர்ட் லத்தீனில் வைத்தார். அவர் தொழிலால் மருந்து செய்பவர், வானிலையில் நம்மைப் போன்ற ஆர்வலர். குமுலஸ், சிரஸ், ஸ்ட்ராட்டஸ் என்று இன்றுவரை உலகமே சொல்கிறது. ஆகையால் ‘ஸ்பாட்டர்’ என்றே விடுங்கள் என்பது என் கட்சி.

– – –

அந்த லத்தீன் பெயர்களும் வெறும் ஒலி அல்லவே. குமுலஸ் என்றால் குவியல், சிரஸ் என்றால் சுருள்முடி. பார்த்த உருவத்தைச் சொன்னதால்தான் நிலைத்தன. முகிலை நோக்குபவர் முகில்நோக்கர். எனக்குச் சம்மதம்.

– – –

எனக்கும். தூங்கப் போகலாமா?

– – –

குழுவினருக்கு,

ஏழு பேர் ‘முகில்நோக்கர்’, இரண்டு பேர் ‘ஸ்பாட்டர்’, ஒருவர் ‘முகினோக்கர்’. முதல் பக்கத்தில் ‘ஸ்பாட்டர் எனப்படும் முகில்நோக்கர்’ என்று ஒருமுறை எழுதி, பிறகு முகில்நோக்கர் என்றே தொடர்கிறேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

– – –

போகட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது னகரத்தை மறுபடியும் கேட்பேன். அதுவரை அந்தச் சிலந்தி நூலைப் படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள், மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்.