ரீஜென்சி ரொமான்ஸ்: ‘பதிலரசுக் காலக் காதல் புதினம்’ எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க இங்கிலாந்தில் நடப்பதாக எழுதப்படும் காதல் புதின வகையான ‘ரீஜென்சி ரொமான்ஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். ‘அரசகுலக் காதல் கதை’ காதுக்கு இனிமையாக இருந்தாலும் பொருந்தாது. இப்புதினங்களில் அரசர் அநேகமாக வருவதில்லை. வருபவர்கள் டியூக், ஏர்ல் முதலிய பட்டங்கள் கொண்ட பிரபுக்களும், அவர்களுக்குப் பெண் கொடுக்கக் காத்திருக்கும் தாய்மார்களும்தான்.

பிரிட்டன் அரசர் மூன்றாம் ஜார்ஜ் மனநோயால் ஆள முடியாமற்போனபோது, 1811 பிப்ரவரியில் வேல்ஸ் இளவரசரான அவருடைய மகன், தந்தை உயிரோடிருக்கையிலேயே அவர் பெயரால் ஆளும் பொறுப்பை ஏற்று, 1820 ஜனவரியில் தந்தை இறந்ததும் தாமே அரசரானார். இடைப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகளே ‘ரீஜென்சி’. நண்பர் ஒருவர் முன்மொழிந்த ‘மாற்றரசர்’ நம் இலக்கியத்தில் பகையரசரைக் குறிக்கும். ‘அரசப் பிரதிநிதி’ என்றால் வைசிராய் நினைவுக்கு வருவார். ‘காப்பாட்சியர்’ அருங்காட்சியகப் பதவியின் பெயராகிவிட்டது. ஆகவே ‘பதிலரசர்’ என்பதே என் பரிந்துரை. பேரனுக்காக மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளையும் ‘பதிலரசி’ எனலாம். ‘பதில்’ அரபு வழி வந்த சொல் என்று தயங்குவோருக்கு ஒன்று சொல்வேன்: ‘பதிலாள்’, ‘பதிலி’ ஆகியவை நம் வாயில் எப்போதோ ஊறிவிட்டன.

வகைமையின் பெயரில் ‘காலம்’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். ஜேன் ஆஸ்டின் அக்காலத்திலேயே வாழ்ந்து, தம் கண்முன் இருந்த சமூகத்தை எழுதியவர். அவருடையவை வரலாற்றுப் புதினங்கள் அல்ல. நூறாண்டுக்கு மேல் பின்னோக்கிச் சென்று, 1935இல் ‘ரீஜென்சி பக்’ என்ற புதினத்தை எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜெட் ஹேயரிடமிருந்தே இந்த வகைமை கிளைக்கிறது.

‘சரசக் கதை’ என்ற பரிந்துரையை நான் உறுதியாக மறுக்கிறேன். ஹேயரின் நாவல்களில் படுக்கையறைக் கதவு திறப்பதே இல்லை. வரலாற்றுக் காதல் நாவல்களில் அந்தக் கதவைத் திறந்து பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது, 1972இல் வெளிவந்த கேத்லீன் வுடிவிஸின் ‘தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்’. எனவே சூடு இந்த வகைமையின் இலக்கணம் அன்று. அதற்குத் தனி அடைமொழி வேண்டும். ‘கூடல் விவரிப்புள்ள’ என்றால் போதும். ஊடலும் கூடலும் நாம் கூச்சமின்றிச் சொல்லும் சொற்கள். பெண்கள் பெண்களுக்காக எழுதி வளர்த்த ஓர் இலக்கிய வகையை மஞ்சள் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிவிடாத சொற்கள்.

மணத்துக்கு முன் மறைவாக வளரும் காதலைக் ‘களவு’ என்னும் சங்க அகத்திணை மரபையொட்டிய ‘களவுப் புதினம்’ என்ற யோசனை என்னை வெகுவாகக் கவர்ந்தது. எனினும் அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி; இங்கோ பெயரும் பட்டமும்தான் கதையையே நகர்த்துகின்றன. வகைமையின் பெயராக வேண்டாமே தவிர, உட்கூறுகளுக்கு அகத்திணைச் சொற்கள் அப்படியே பொருந்துகின்றன. ஒரே ஆடவனோடு ஒரு பெண் மூன்றாம் முறை நடனமாடிவிட்டால் விசிறிகளுக்குப் பின்னால் எழும் முணுமுணுப்பு ‘அலர்’ அல்லாமல் வேறென்ன? 1753ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, இங்கிலாந்தில் இருபத்தொரு வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் இசைவு தேவைப்பட்டது. அச்சட்டம் ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தாததால், காதலர் எல்லை தாண்டி அங்குள்ள கிரெட்னா கிரீன் என்ற ஊருக்கு ஓடினர். அது ‘உடன்போக்கு’. நம் சங்கப் பாடல்களில் செவிலித்தாய் பாலை வழியிலே தேடிப் போகிறாள். இங்கே அண்ணன் குதிரை வண்டியில் விரட்டிப் போகிறான்.

‘டன்’ எனப்படும் உயர்குடிச் சமூகத்தை ‘மேட்டுக்குடி’ என்பதைவிடப் ‘பிரபு வட்டம்’ என்பது நன்று. அக்காலத்தில் பணம் இருந்தாலே அதில் நுழைந்துவிட முடியவில்லை; லண்டன் ஆல்மாக்ஸ் மன்றத்தின் புதன்கிழமை நடனத்துக்குச் செல்ல, அதன் புரவலப் பெருமாட்டிகள் மனம்வைத்துத் தரும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது.

எஞ்சியது ‘ரேக்’, அதாவது இப்புதினங்களில் வரும் பெண்பித்தனான உல்லாசப் பிரபு. ‘காமுகன்’ என்று போட்டால் அவன் கதாநாயகனாகவே முடியாது. சொத்தும் ஓய்வும் பெண் சகவாசமும் உள்ள இளைஞனுக்கு நம்மிடம் ‘மைனர்’ என்ற சொல் இருக்கிறது. ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்று ஊரார் நம்புவதும் அந்த மைனரைப் பற்றித்தான். இந்தப் புதினங்களின் கதையும் பெரும்பாலும் அதுதான்.

அன்புடன்.