புதுப்பிப்பு: அந்த நீலக் காளை பிட்டோசிதான்

அடியில் ‘இத்தாலி’ என்றும் ஓர் எண்ணும் மட்டும் தூரிகையால் எழுதியிருந்த செராமிக் காளை யார் செய்தது என்று கேட்டிருந்தேன் அல்லவா, விடை கிடைத்துவிட்டது. பிட்டோசி. ஃபிளாரன்ஸ் பக்கத்து மோன்டெலூபோ ஃபியோரென்டீனோவில் 1921இல் குயிதோ பிட்டோசி தொடங்கிய பட்டறை, இன்றும் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. காளையை வடிவமைத்தவர் ஆல்டோ லோண்டி, 1950களின் ‘ரிமினி ப்ளூ’ வரிசை. பூனை, குதிரை, பறவை எல்லாம் அதில் உண்டு.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், அதைப் பார்த்து அதேபோல் செய்தவர்கள் ஏராளம். முதுகைப் பாருங்கள்: ஈர மண்ணில் கையால் குத்திய முத்திரைகள், திமில் அருகே ஒரு வட்டம் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறது, பள்ளங்களில் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு தேங்கி நீலம் கறுத்துப் பச்சையோடுகிறது. எனக்கு அந்த ஒழுங்கின்மைதான் அழகு.

கம்பெனிப் பெயர் ஏன் இல்லை என்றீர்களே, ஏற்றுமதிக்குப் போனவற்றில் அது சகஜம். அமெரிக்காவில் ரேமர் நிறுவனம் தன் ஸ்டிக்கரை ஒட்டி விற்றது, அது உரிந்தால் நாட்டின் பெயரும் எண்ணும்தான் மிஞ்சும்.

அப்புறம், விலை கேட்டு எழுதியவர்களுக்கு: விற்கவில்லை. கொம்பு நுனிச் சில்லையும் அப்படியே விடப் போகிறேன்.