வாசித்தது புரிகிறது, மார்க்தான் வரமாட்டேன் என்கிறது: ஆங்கிலத் தேர்வு எழுதியவர்கள் வாருங்கள்

நாகர்கோவில், செவிலியர்:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது வருடமாக ஐசியுவில் வேலை. பிரிட்டன் போகலாம் என்று ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். அங்குள்ள செவிலியர் கவுன்சிலான என்எம்சி, ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 கேட்கிறது. ரைட்டிங்கில் 6.5 போதும். எனக்கு ரீடிங்கில் வந்தது 6. கடன் வாங்கி மறுபடி பணம் கட்டி எழுதினேன். மறுபடியும் 6.

நான் எழுதிய அகாடமிக் வகையில், ரீடிங்கில் 40 கேள்வி. 23 வாக்கில் சரியாக இருந்தால் 6, 30 வாக்கில் இருந்தால் 7. ஏழே ஏழு கேள்வி என்னை ஊரிலேயே கட்டிப்போட்டிருக்கிறது.

பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் என்பதால், வார்த்தைப் பஞ்சம்தான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். தினம் இருபது வார்த்தை. டியூட்டி ரூம் பீரோ கதவு முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டி, சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கினேன். மூன்று மாதம் மனப்பாடம் செய்த பிறகு வீட்டில் ஒரு மாதிரித் தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

பத்தி செம்மல்வைஸைப் பற்றி. நர்சிங் படித்த யாரும் மறக்காத பெயர். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவ வார்டில், டாக்டர்களும் மாணவர்களும் குளோரின் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் தாய்மார்களைத் தொட வேண்டும் என்று சட்டம் போட்டவர். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதத்துக்கு வந்தது. எனக்கு வாய் நிறைய சிரிப்பு, இந்தத் தாள் நமக்காகவே வந்திருக்கிறது என்று.

பத்திப்படி சரியென்றால் ‘ட்ரூ’, தப்பென்றால் ‘ஃபால்ஸ்’, பத்தியில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லையென்றால் ‘நாட் கிவன்’ என்று போட வேண்டிய ஒரு கேள்வி: ‘செம்மல்வைஸின் யோசனையை மற்ற டாக்டர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள்.’ உடனேயா? அந்த மனுஷனை அவர்கள் படுத்திய பாடு எனக்குத் தெரியாதா? 1865-இல் மனநல விடுதியில் அல்லவா செத்துப்போனார்! கண்ணை மூடிக்கொண்டு ‘ஃபால்ஸ்’ போட்டேன். விடைப் பக்கத்தில் ‘நாட் கிவன்’ என்று இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்துப் பத்தியை நான்கு முறை படித்தேன். மற்ற டாக்டர்கள் என்ன நினைத்தார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தத் தாளில் நான் விட்டது பதினாறு கேள்வி. அதில் ஆறு இதே ரகம். வார்த்தை தெரியாமல் விட்டது வெறும் மூன்று. தெரியாததால் தோற்றால் படித்துக்கொள்ளலாம். தெரிந்ததால் தோற்றால் என்ன செய்வது? இதைத் தாண்டி வந்தவர்கள் எப்படி வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

சென்னை, கணக்காளர்:

அக்கா, நீங்களாவது ஆறு கேள்வி. என் கதையைக் கேளுங்கள். 2018-இல் தாளில் எழுதினேன். லிசனிங் முடிந்ததும் விடைகளை விடைத்தாளுக்கு மாற்ற 10 நிமிடம் கொடுத்தார்கள். ரீடிங்கிலும் கொடுப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மூன்று பத்தியையும் முடித்து, விடையை எல்லாம் கேள்வித்தாளிலேயே அழகாகக் குறித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். ரீடிங்கில் அந்த 60 நிமிடத்துக்குள்ளேயே விடைத்தாளிலும் எழுதியாக வேண்டும். ‘பேனாவைக் கீழே வையுங்கள்’ என்று குரல் வந்தபோது என் விடைத்தாளின் பாதி வெள்ளையாக இருந்தது. வெளியே வந்து டீக்கடையில் அரை மணி நேரம் யாரிடமும் பேசவில்லை.

இன்னொன்று. ‘இரண்டு வார்த்தைக்கு மேல் கூடாது’ என்றால் இரண்டுதான். முன்னால் ஒரு ‘தி’ சேர்த்து மூன்றாக்கினால் விடை சரியாக இருந்தாலும் மார்க் கிடையாது. அதிலும் இரண்டு போனது.

திண்டுக்கல் செவிலியர், இப்போது சவூதியின் தம்மாம்:

நாகர்கோவில் தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒன்பது வருடமாக நீ தினமும் ‘நாட் கிவன்’ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய். நைட் டியூட்டிக்காரி ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது, ‘ஆன்டிபயாட்டிக் போட்டாச்சு அக்கா, சார்ட்ல எழுதத்தான் மறந்துட்டேன்’ என்றால் ஒத்துக்கொள்வாயா? சார்ட்டில் எழுதாத மருந்து கொடுக்காத மருந்து. அவள் கொடுத்திருப்பாள் என்று உன் மனசுக்குத் தெரியும், ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டாய். பத்தியை சார்ட் மாதிரிப் பார். செம்மல்வைஸுக்கு நடந்தது உனக்குத் தெரியும், சார்ட்டில் இல்லை. அவ்வளவுதான்.

நான் எழுதியது ஓஇடி. நம்மைப் போன்ற மருத்துவத் துறையினருக்கான தேர்வு, என்எம்சி அதையும் ஏற்கிறது. ரீடிங்கில் பகுதி ஏ என்று ஒன்று வரும். ஒரே நோயைப் பற்றி நான்கு சிறு துண்டுகள், 20 கேள்வி, 15 நிமிடம். நேரம் முடிந்தால் தாளை வாங்கிவிடுவார்கள். முதல் முறை நல்ல பிள்ளையாக நான்கையும் மேலிருந்து கீழ் வரை படித்தேன். ஒன்பதாவது கேள்வியில் நிற்கும்போது தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம்தான் யோசித்தேன். நோயாளியின் பொட்டாசியம் எவ்வளவு என்று டாக்டர் கேட்டால், கேஸ் ஷீட்டை அட்மிஷன் பக்கத்திலிருந்தா படிக்கிறோம்? நேரே லேப் ரிப்போர்ட்டுக்குப் போய் அந்த ஒரு எண்ணை எடுத்துக் கொடுக்கிறோம். அதே வேலைதான் இங்கேயும். முதலில் கேள்வி, அப்புறம் அது எந்தத் துண்டில் இருக்கும் என்ற ஊகம், அப்புறம் அந்த வரி. இரண்டாவது முறை பதினெட்டு கேள்வி முடித்தேன்.

ஆனால் ரீடிங்கை விட என்னை அழ வைத்தது இலக்கணம். ஓஇடி ரைட்டிங்கில் நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, 180 முதல் 200 வார்த்தைக்குள் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். நான் எழுதினேன்: ‘ஹி இஸ் ஹேவிங் டயபடிஸ் சின்ஸ் டென் இயர்ஸ்.’ வார்டில் பத்து வருடமாக இப்படித்தான் பேசுகிறோம், எந்த டாக்டரும் திருத்தியதில்லை, ஏனென்றால் அவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள்! தமிழில் ‘பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது’ என்கிறோம் இல்லையா? அந்த ‘இருக்கிறது’ நிகழ்காலம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ‘இஸ் ஹேவிங்’ ஆக்கிவிடுகிறோம். ஆங்கிலக்காரன் அங்கே ‘ஹேஸ் ஹேட்’, ‘ஃபார் டென் இயர்ஸ்’ என்பான். மாத்திரையும் அப்படித்தான். நாம் சாப்பிடுகிறோம், அவர்கள் ‘டேக்’ செய்கிறார்கள். ‘டென் டேப்லட்’ என்று நான் எழுதியதற்கும் காரணம் உண்டு. தமிழில் பத்து மாத்திரை என்றாலே போதும், ‘கள்’ போடச் சொல்லி யாரும் அடிக்க மாட்டார்கள்.

‘ஏ’, ‘தி’ விஷயத்தில் பாட்டி சொன்ன கதைதான் என்னைக் காப்பாற்றியது. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு மகள்.’ முதல் தடவை வரும்போது ‘ஒரு’, மறுபடி வரும்போது ‘அந்த’. பாதி இடங்களுக்கு இது சரியாக வருகிறது. மீதிப் பாதிக்கு வழியில்லை, வாக்கியத்தோடு சேர்த்து நெட்டுருதான். ஸ்ட்ரோக்குக்கு ‘ஏ’ உண்டு, டயபடிஸுக்குக் கிடையாது. ஏன் என்று கேட்டால் தலைவலிதான். அந்தத் தலைவலிக்கும் ஒரு ‘ஏ’ போட வேண்டும்.

மட்டக்களப்பு:

நான் எழுதியது ஐஇஎல்டிஎஸ்ஸின் மற்ற வகையான ஜெனரல் ட்ரெயினிங், கனடாவுக்கு. கனடா மொழி அளவுகோலில் 9 வேண்டும் என்று இருந்தோம். அதற்கு ரீடிங் 7, லிசனிங் 8. ஜெனரலில் வாசிப்பு லேசு என்று சொல்லுவார்கள், நம்பாதீர்கள். பத்திகள் லேசு என்பதால் புள்ளியை இறுக்கிப் பிடிப்பார்கள். 7 எடுக்க 40-இல் 34 அளவில் சரியாக வேண்டும்.

பிள்ளைகள் படுத்த பிறகுதான் எனக்குப் படிக்க நேரம். ஒரு கொப்பியில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்க் கருத்து என்று எண்ணூறு சொல் சேர்த்தேன். கொப்பியைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. அதில் ‘ஃபைன்’ என்றால் நல்லம் என்று எழுதியிருந்தேன். பயிற்சித் தாளில் நூலக அறிவித்தல் ஒன்று வந்தது, புத்தகத்தைப் பிந்திக் கொடுத்தால் ‘ஃபைன்’ என்று. பிந்திக் கொடுத்தால் நல்லமாம்! என்ன நல்ல நூலகம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அது தண்டப்பணம். ‘அட்ரஸ்’ என்றால் விலாசம் என்று வைத்திருந்தேன், பத்தியில் யாரோ பிரச்சினையை ‘அட்ரஸ்’ பண்ணினார்கள். பிரச்சினைக்கு விலாசம் எழுதுவதா?

அன்றிரவே அந்தக் கொப்பியை மூடினேன். பிறகு சொல்லைத் தனியாக எழுதவேயில்லை, அது வந்த வரியோடுதான் எழுதினேன். எண்ணூறு இருந்த இடத்தில் இருநூறுதான் தேறியது, ஆனால் அந்த இருநூறும் சோதனையில் கை கொடுத்தது.

இலங்கையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வங்கிப் படிவம், அரச அறிவித்தல் எல்லாம் மூன்று மொழியில் வரும். நான் ஆங்கிலத்தை வாசித்துக் கருத்தை நினைத்துக்கொண்டு, பிறகு கீழே தமிழைப் பார்ப்பேன். ஜெனரல் ட்ரெயினிங்கின் முதல் பகுதியில் இதே மாதிரி அறிவித்தலும் விளம்பரமும்தான் வரும். எங்கள் ஊர்ப் பலகைகளில் தமிழைச் சில நேரம் கொத்திப் போட்டிருப்பார்கள், அப்போது ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழைத் திருத்துவதும் ஒரு பயிற்சிதான்.

கோவை, பொறியாளர்:

யாரும் கோச்சிங் பற்றிச் சொல்லவில்லையே. நான் பணம் கட்டிச் சேர்ந்த ஓர் இடத்தில் ‘ஒவ்வொரு பாராவிலும் முதல் வரி, கடைசி வரி மட்டும் படி, நேரம் மிச்சம்’ என்றார்கள். பாராவுக்குத் தலைப்புப் பொருத்தும் கேள்வியில் அதைச் செய்தேன். முதல் வரி பழைய கொள்கையைப் புகழ்ந்து ஆரம்பிக்கும், நடுவில் ஒரு ‘ஹவெவர்’ வரும், அங்கிருந்து வண்டி எதிர்த்திசையில் போகும். நான் புகழ்ச்சித் தலைப்பைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக அடுத்த பாராவுக்குப் போயிருப்பேன். ஏழு தலைப்பில் இரண்டுதான் சரி.

இப்போது தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, ‘ஹவெவர்’, ‘பட்’, ‘யெட்’ இவற்றைத்தான் முதலில் கண்ணால் தேடச் சொல்கிறேன். நியூசிலாந்தில் அவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000-இல் வெளியிட்ட அகாடமிக் சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது, 570 சொற்குடும்பம். குடும்பம் என்பதுதான் முக்கியம். ‘அனலைஸ்’ தெரிந்தால் போதாது, ‘அனாலிசிஸ்’, ‘அனலிட்டிகல்’ எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிய வேண்டும். காலியிடம் நிரப்பும்போது வினைச்சொல் வேண்டிய இடத்தில் பெயர்ச்சொல்லைப் போட்டுத்தான் பலர் விடுகிறார்கள்.

நாகர்கோவில், செவிலியர்:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தம்மாம் அக்கா, உங்கள் ‘சார்ட்’ கதையைப் படித்த அன்று இரவு டியூட்டியில் எனக்கு வேலையே ஓடவில்லை. மறுநாளே முறையை மாற்றினேன். ‘ட்ரூ’ என்றாலும் ‘ஃபால்ஸ்’ என்றாலும் அந்த வரியின் மேல் பென்சிலை வைக்க வேண்டும். வைக்க இடம் இல்லையென்றால் ‘நாட் கிவன்’. என் மகன் ஏழாவது படிக்கிறான், அவனை வக்கீலாக உட்கார வைத்தேன். நான் விடை சொன்னதும், ‘எந்த வரியில இருக்கு, காட்டு’ என்பான். அவனுக்குப் பத்தி புரியாது. எனக்கு அதுதான் நல்லதாகப் போயிற்று, நான் சொந்தமாகக் கதை சேர்த்தால் அவனிடம் செல்லாது. இப்போது வீட்டில் யார் எதைச் சொன்னாலும் ‘எந்த வரியில?’ என்கிறான். மாமியாருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

மட்டக்களப்பு அக்கா சொன்னது மாதிரி மஞ்சள் சீட்டுகளையும் கிழித்துவிட்டு வரியோடு எழுத ஆரம்பித்தேன். சூப்பர்வைசருக்கும் நிம்மதி.

போன வாரம் ரிசல்ட். ரீடிங் 7. லிசனிங் 7.5, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங் 6! அரை மார்க்கில் நிற்கிறது. இரண்டு தேர்வின் மதிப்பெண்ணை 12 மாதத்துக்குள் சேர்த்துக் காட்டலாம், ரைட்டிங் ஒன்றில் 6 இருந்தாலும் இன்னொன்றில் 6.5 வந்தால் போதும் என்று இருப்பதால் இன்னொரு முறை எழுதப் போகிறேன்.

தம்மாம் அக்கா, நான் எழுதிய இரண்டு கட்டுரையைத் தனியாக அனுப்பட்டுமா? முதல் பாராவிலேயே மூன்று ‘இஸ் ஹேவிங்’ இருக்கிறது, நானே எண்ணிவிட்டேன். மீதியை நீங்கள் எண்ணுங்கள்.