முலாம் போட்ட பழைய பித்தளை வாத்தியம்: துலக்கியவர்கள் அனுபவம்

ஓடம்போக்கி:
தாத்தா பேண்ட் செட்டில் ஊதிய கார்னெட், ட்ரம்பெட் மாதிரி சின்ன ஊதுவாத்தியம், வெள்ளி முலாம் போட்டது. கறுத்துப்போய், ஓரமெல்லாம் பச்சைக் களிம்போடு பரணில் கிடந்தது. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஆசைப்பட்டு, குத்துவிளக்கு துலக்குவது போலவே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. சந்தோஷத்தில் இன்னும் அழுத்தினேன். அலம்பிப் பார்த்தால், தாத்தாவின் இடது கை பிடிக்கிற இடம் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளி போய்விட்டது. அம்மா அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அரசலாறு:
முழுப் பழியையும் நீங்கள் சுமக்க வேண்டாம். கை படும் இடத்தில் வேர்வை பட்டுப் பட்டு முலாம் முன்னமே மெலிந்திருக்கும். ஆனால் புளி தப்புதான். நாச்சியார்கோவில் விளக்கு என்றால் உள்ளும் புறமும் பித்தளை, எத்தனை தேய்த்தாலும் பித்தளைதான் வரும். முலாம் அப்படியில்லை. அந்தக் கறுப்பு அழுக்கே கிடையாது, காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்த வெள்ளி. தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் சேர்ந்து போகும்.

இனி செய்கிறவர்கள் முதலில் வால்வு (விரலால் அழுத்துகிற பகுதி), ஸ்லைடு (இழுத்துக் கழற்றுகிற குழாய்), ஃபெல்ட், கார்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து மெல்லிய துணியால் அலம்புங்கள். அப்புறம் பிளாஸ்டிக் தொட்டியில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் வாத்தியம் தாளைத் தொடும்படி வையுங்கள். கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி தங்கிவிடும். உடனே ஈரம் போகத் துடையுங்கள்.

என் கதை சின்னது. ட்ரம்பெட்டின் இரண்டாவது, மூன்றாவது வால்வை மாற்றிப் போட்டுவிட்டு, காற்றே போகவில்லையே என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். வால்விலேயே 1, 2, 3 என்று எண் இருந்திருக்கிறது.

வெண்ணாறு:
அரசலாறு சொல்வது வெள்ளிக்கு மட்டும். என்னுடையது நிக்கல் முலாம். சோடாவில் ஒரு மணி நேரம் கிடந்தும் ஒன்றும் ஆகவில்லை. பொறுமை இழந்து முலாம் போடும் கடையில் கொடுத்தேன். புதுசு போலத்தான் வந்தது. ஆனால் நாதஸ்வரத்தின் அடியிலுள்ள அணசு மாதிரி விரிந்த வாயில், செய்த கம்பெனியின் பெயரும் ஊரும் பொறித்திருந்தது. மெருகேற்றும் பஃபிங் மிஷினில் அது மழுங்கிவிட்டது. விரலால் தடவினால் ஒரே ஒரு எழுத்தின் வளைவு மட்டும் தட்டுப்படுகிறது. இரண்டாம் சரபோஜி காலத்திலேயே அரண்மனையில் மேற்கத்திய பேண்ட் வைத்திருந்த ஊர் தஞ்சாவூர். இந்தப் பக்கம் கிடைக்கிற பழைய வாத்தியத்துக்கு வயது சொல்ல அந்த எழுத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? கடையில் கொடுக்கும் முன் போட்டோவாவது எடுத்திருக்கலாம்.

கடுவையாறு:
அப்பா வேளாங்கண்ணித் திருவிழாவில், செப்டம்பர் 8 வரைக்கும், ஊதிய யூஃபோனியம் (பெரிய பித்தளை ஊதுவாத்தியம்) எங்களிடம் இருக்கிறது. ஸ்லைடு இறுகிக் கிடந்தது. மச்சான் குறடு போட்டு இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம், பற்றவைத்த இடம் விட்டுவிட்டது. இன்னொரு ஸ்லைடுக்கு ஐந்து நாள் ராத்திரிதோறும் எண்ணெய் விட்டு, துணியை வளையமாகக் கோத்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. கறுப்பை நான் தொடவே இல்லை. பொறித்த கொடி வேலைப்பாடு அதில்தான் எடுப்பாகத் தெரிகிறது.

ஓடம்போக்கி:
கடுவையாறு அண்ணே, கார்னெட்டின் ஊதுமுனையும் இறுகித்தான் இருக்கிறது. அதற்கும் எண்ணெய் போதுமா? ஒரு தடவையாவது யாரையாவது ஊதச் சொல்லிக் கேட்க வேண்டும் என்கிறார் அம்மா.