பெரியப்பாவின் டயாலிசிஸ் திரவம்: எங்கள் குடும்பக் குழுவில்

முரளி: அப்பாவுக்குச் சிறுநீரகம் சரியில்லாததால் வயிற்றுக்குள் திரவம் விட்டு, கழிவோடு வடித்தெடுக்கிறோமே, நேற்று ராத்திரி வடிந்தது கலங்கலாக இருந்தது. வலியும் இருந்தது. பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வயிற்றுச் சவ்வில் தொற்றாம். ஆன்டிபயாட்டிக்கைத் திரவத்திலேயே கலந்து உள்ளே விடுகிறார்கள்.

சித்தப்பா: அந்தத் திரவமே சரியில்லையோ? புது வகை ஒன்று இருக்கிறதாம், அதில் தொற்றே வராதாம். உடனே மாற்றச் சொல்லுப்பா.

பெரியம்மா: நாலு வேளையும் திரவப் பையை நான்தான் மாற்றுகிறேன். என் கையால் வந்ததோ என்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை.

நித்யா: பெரியம்மா, பையை அச்சுத் தாள் மேல் வைத்துப் பார்த்து, எழுத்து தெரியவில்லை என்றதும் விடியட்டும் என்று இருக்காமல் கிளம்பினீர்களே, எங்கள் வார்டில் எல்லோருக்கும் நாங்கள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

நித்யா: சித்தப்பா, நீங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வழக்கமான திரவம் அமிலத் தன்மை உள்ளது, பிஎச் 5.5 அளவில் இருக்கும். சர்க்கரை கலந்த நீரைச் சூடாக்கிக் கிருமி நீக்கும்போது சர்க்கரை சிதையும். அமிலமாக இருந்தால் சிதைவு குறையும் என்றுதான் அப்படி வைக்கிறார்கள். ஆனாலும் கொஞ்சம் சிதைந்துதான் போகிறது. அந்தச் சிதைவுப் பொருளும் அமிலமும் வயிற்றில் காவல் இருக்கும் வெள்ளை அணுக்களைச் சோர வைக்கின்றன என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். புது வகைப் பையில் சர்க்கரை ஓர் அறையிலும் மற்றது இன்னோர் அறையிலும் இருக்கும். ஏற்றும் முன் அழுத்தி, நடுத் தடுப்பைத் திறந்து கலக்க வேண்டும்.

சித்தப்பா: அப்போ தொற்று குறையணும்தானே?

நித்யா: அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்த்தோம். 2012இல் வெளிவந்த பாலன்ஸ் என்ற ஆய்வில் 185 பேரைச் சேர்த்து 2 வருடம் பார்த்தார்கள். ஒரு நோயாளிக்கு வருடத்துக்குப் பழைய திரவத்தில் 0.49 தடவை தொற்று, புதியதில் 0.30. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து நோயாளர் பதிவேட்டை அலசியபோது புதிய திரவத்தில்தான் தொற்று அதிகம் என்று வந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 காக்ரேன் அறிக்கையிலும் தொற்று குறைகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிறுநீர் வருவது அதிக நாள் நீடிக்கிறது என்பதுதான் அதில் தெளிவாக இருக்கிறது.

முரளி: அப்பாவுக்கு இன்னும் சிறுநீர் போகிறதே.

நித்யா: அதற்காக டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள் அண்ணா. தொற்றே வராது என்று நம்பி மட்டும் மாற்ற வேண்டாம். அப்புறம், ராத்திரி நெடுநேரம் வயிற்றில் இருக்க ஐகோடெக்ஸ்ட்ரின் பை (சாதாரணச் சர்க்கரைக்குப் பதில் மாவுச்சத்திலிருந்து எடுத்த பொருள் கலந்தது) எழுதிக்கொடுத்தால், வீட்டில் இருக்கும் சுகர் மெஷின் அதற்கு ஒத்துவருமா என்று கட்டாயம் கேளுங்கள். சில மெஷின்கள் இல்லாத சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதைப் பார்த்து இன்சுலின் போட்டால் ஆபத்து.

பெரியம்மா: அப்படியென்றால் கிருமி எங்கிருந்துதான் வந்தது கண்ணு?

நித்யா: கல்ச்சர், அதாவது திரவத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை, வந்தால் ஓரளவு தெரியும் பெரியம்மா. தோலில் இருக்கும் கிருமி என்றால் குழாயை இணைக்கும் அந்த சில நொடிகளில் போயிருக்கலாம். மலச்சிக்கல் இருந்தால் குடலில் இருந்தும் வரும். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. தொற்று வந்த எல்லோருக்கும் நாங்கள் மறுபடி பயிற்சி கொடுப்போம். மாஸ்க் போடுவது, மின்விசிறியை நிறுத்துவது எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

பெரியம்மா: எல்லாம் சரிதான். கையையும் நன்றாகக் கழுவுகிறேன். துடைப்பது மட்டும் தோளில் கிடக்கும் துண்டில்.

நித்யா: அதை மட்டும் மாற்றிவிடலாம். ஒரு தடவை துடைத்துப் போட்டுவிடுகிற காகிதத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கை முழுக்கக் காய்ந்த பிறகுதான் குழாயின் மூடியைத் தொட வேண்டும். ஈரக் கையில் கிருமி சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

பெரியம்மா: சரி கண்ணு. நீ ஒருநாள் வந்து பக்கத்தில் நின்று பார்.

நித்யா: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

முரளி: இப்போது வடிந்த பையைத் தாள் மேல் வைத்துப் பார்த்தேன். பொடி எழுத்து இன்னும் தெரியவில்லை. தலைப்பைப் படிக்க முடிகிறது.