ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கார் ஏசியில் காற்று நின்றுவிடுகிறது: உதவி தேவை

தாம்பரத்தான்:
வணக்கம். ஏசி போட்டுச் சிறிது நேரம் ஆனதும் என் காரில் காற்று வருவது நின்றுவிடுகிறது. வரும் சனிக்கிழமை கைக்குழந்தையுடன் மதுரைக்குப் போக வேண்டியிருக்கிறது. என்ன காரணம், எவ்வளவு செலவாகும் என்று தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

வால்வுச் சத்தம்:
எந்த வருடத்து வண்டி, சிறிது நேரம் என்றால் ஐந்து நிமிடமா ஒரு மணி நேரமா, நிற்பது காற்றா குளிர்ச்சியா என்று எதையுமே சொல்லாமல் செலவை மட்டும் கேட்டால் ஜோசியரிடம்தான் போக வேண்டும். இதே கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம்தான் யாருக்கும் வரமாட்டேன் என்கிறது.

நாலாம் கியர்:
சந்தேகமே வேண்டாம், ஏசியைக் குளிர வைக்கும் கேஸ் குறைந்திருக்கும். நான் ஒவ்வொரு சித்திரையிலும் தவறாமல் கேஸ் ஏற்றிவிடுகிறேன். எனக்கு இந்தத் தொல்லை வந்ததே இல்லை.

ஒயர்மேன்:
காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயர் எந்த எண்ணிலும் ஓடவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்றில் ஓடாமல் நான்கில் மட்டும் ஓடுகிறது என்றால் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது என்று பொருள். எனவே காற்று நிற்கும்போது ப்ளோயர் இரைச்சல் கேட்கிறதா இல்லையா என்பதைச் சொல்லுங்கள்.

தாம்பரத்தான்:
அவசரத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். 2013 மாடல் சிறிய பெட்ரோல் கார். ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. தாம்பரத்தில் கிளம்பினால் மேல்மருவத்தூரை நெருங்கும்போது காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. நான்காம் எண்ணில் வைத்தால் இரைச்சல் கேட்கிறது, ஆனால் துவாரத்தில் கையை வைத்தால் யாரோ மூச்சு விடுவது போலத்தான் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தால் பழையபடி காற்று வருகிறது. அதற்குள் வண்டிக்கு அடியில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தது போலத் தேங்கியிருக்கிறது.

பழைய ஸ்பேனர்:
தம்பி, அந்தத் தண்ணீரை முதலிலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் ப்ளோயருக்கு எதுவும் இல்லை. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் பனி உறைந்து, தகடுகளுக்கு இடையில் காற்று புகும் வழியை அடைத்துவிடுகிறது. நீங்கள் டீ குடிக்கும் நேரத்தில் அது உருகி வடிகிறது. காற்றிலுள்ள ஈரம் காயிலில் நீராகப் படிவது இயல்புதான். அது பனியாக உறையக் கூடாது என்பதற்காகவே காயிலில் ஒரு சென்சாரைச் செருகியிருப்பார்கள். காயிலின் வெப்பநிலை 0 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும்போதே அது கேஸை அழுத்திச் சுற்ற விடும் கம்ப்ரஸரை நிறுத்தி, சூடு ஏறியதும் மீண்டும் ஓட விடும். மாலையில் வண்டியை நிறுத்தி வைத்து, ஏசியை முழுக் குளிர்ச்சியிலும் ப்ளோயரை ஒன்றிலும் போட்டு, பானட்டைத் திறந்துகொண்டு கால் மணி நேரம் நில்லுங்கள். கம்ப்ரஸரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று விடுவதும் பிடிப்பதும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சென்சார் மீதுதான் என் சந்தேகம்.

நாலாம் கியர்:
கேஸ் குறைந்தாலும் பனி உறையும், ஐயா. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

பழைய ஸ்பேனர்:
மறைக்கவில்லை. கேஸ் குறைந்து, கார் ஏசியில் உள்ள ஆர்134ஏ கேஸ் காயிலுக்குள் கொதிக்கும் அழுத்தம் கேஜில் ஏறத்தாழ 28 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால், காயில் 0 டிகிரிக்கும் கீழே போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் சென்சார் சரியாக இருந்தால் அதற்குள் கம்ப்ரஸரை நிறுத்திவிடும்.

வால்வுச் சத்தம்:
கேஸ் ஒன்றும் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. அது மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. வருடந்தோறும் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது, அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். குறைந்திருக்கிறதா என்று பார்க்காமலே சித்திரைக்குச் சித்திரை ஏற்றினால் அளவு மிஞ்சி அழுத்தம் கூடி, இருக்கிற குளிர்ச்சியும் போகும். இத்தனை கிராம் என்று பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது படிப்பதற்குத்தான்.

நாலாம் கியர்:
பத்து வருடமாக என் வண்டியில் குளிர்கிறது. ஸ்டிக்கரைப் படித்துப் படித்து உங்கள் வண்டி எவ்வளவு குளிர்கிறது?

ஒயர்மேன்:
இருவரும் தனியாக ஒரு இழை தொடங்கிக்கொள்ளுங்கள். தாம்பரத்தான், கேபின் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள்? அது அடைத்திருந்தாலும் காயில் மீது போதிய காற்றுப் படாமல் பனி பிடிக்கும்.

தாம்பரத்தான்:
கையுறைப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. இந்த மாடலில் கம்பெனியே ஃபில்டர் போடவில்லையாம். அதனால் காயிலில் தூசி படிந்து நாற்றம் வருகிறது என்று போன ஐப்பசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டாஷ்போர்டைப் பிரித்துக் காயிலைக் கழுவித் தந்தார்கள். இது தேவையான தகவலா என்று தெரியவில்லை. கம்ப்ரஸரிடம் இருபது நிமிடம் நின்றேன், ஒருமுறைகூட 'டக்' கேட்கவில்லை.

பழைய ஸ்பேனர்:
தேவையான தகவலா என்றா கேட்கிறீர்கள்! காயிலைக் கழற்றும்போது சென்சாரை உருவித்தான் ஆக வேண்டும். திரும்ப மாட்டியவர் அதைத் தகடுகளுக்கு இடையில் அழுத்திச் செருகாமல் விட்டிருந்தால், அது பக்கத்துக் காற்றின் சூட்டைத்தான் காட்டும். காயில் பனிக்கட்டியாகிவிட்டாலும் அதற்குத் தெரியாது. புதுச் சென்சார் வாங்குவதற்கு முன்னால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால், வழியில் காற்று குறையத் தொடங்கியதும் ஏசி பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, ப்ளோயரை நான்கில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள்; பனி உருகிவிடும்.

*(ஒன்பது நாட்களுக்குப் பிறகு)*

தாம்பரத்தான்:
சென்சார் ஒயரோடு ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. செருகியாகிவிட்டது. மதுரைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டோம், எங்கும் காற்று நிற்கவில்லை. ஸ்பேனர் ஐயாவுக்கு நன்றி.

நாலாம் கியர்:
நல்லது. கேஸ் எவ்வளவு இருந்தது என்று பார்த்தார்களா?