நாவலுக்கான குறிப்புகளை எந்தச் செயலியில் வைப்பது?

பொகவந்தலாவை எழுதியது:
மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்துபோன குடும்பங்களைப் பற்றி நாவல் எழுதுகிறேன். தோட்டம் தோட்டமாகப் போய் முதியவர்களிடம் பேசுகிறேன். ஒலிப்பதிவுகள் கைப்பேசியில், அத்தியாயங்கள் பழைய மடிக்கணினியில், பெயர்களும் வசனங்களும் இரண்டிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. பழைய குறிப்புகளில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், சிக்னல் கிடையாது, மேட்டுக்கு ஏற வேண்டும். மாதாமாதம் பணம் கட்ட வசதியில்லை. நோஷன், ஒப்சிடியன், கூகுள் கீப் மூன்றையும் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். எழுதுகிற உங்கள் அனுபவம் என்ன?

பண்டாரவளை எழுதியது:
தம்பி, ஒப்சிடியன். யோசிக்கவே வேண்டாம். உங்கள் குறிப்புகள் உங்கள் கருவியிலேயே ஒரு கோப்புறையில் வெறும் எழுத்துக் கோப்புகளாக இருக்கும். சிக்னல் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், பணமும் வேண்டாம். நாளை அந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து வாசிக்கலாம்.

நாவலாசிரியனுக்கு அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது தனிக் குறிப்பாகிவிடும். இந்தியாவுக்குக் கப்பலேறிய 'தலைமன்னார் இறங்குதுறை' என்று ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துறையைப் பற்றி எந்தப் பாட்டி பேசியிருந்தாலும், எந்த அத்தியாயத்தில் அது வந்திருந்தாலும், அந்தப் பக்கத்தைத் திறந்ததும் எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒருவர் அழுததாகச் சொன்ன இடத்தில் இன்னொருவர் ஆறுதலாக மூச்சுவிட்டதாகச் சொல்லியிருப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் காட்சி பிறக்கிறது. என் சிறுகதைகள் அப்படித்தான் உருவாகின்றன.

நானுஓயா எழுதியது:
நான் மறுக்கிறேன். உங்கள் கருவியிலேயே இருப்பது பெருமையல்ல, ஆபத்து. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயன்கள் மண்ணுக்குள் போனதை இந்த மலையில் இருக்கிறவர்கள் எவரும் மறந்திருக்க முடியாது. மனித உயிர்களுக்கு முன்னால் குறிப்புகள் பெரிதல்ல. ஆனால் அந்த லயன்களில் வாழ்ந்த முதியவர்களின் பேச்சை யாராவது பதிவுசெய்து வேறிடத்தில் வைத்திருந்தால் இன்று எவ்வளவு பெரிய சொத்து! இந்தத் தம்பி பதிவுசெய்கிற குரல்களில் பல இன்னும் பத்து ஆண்டுகளில் நம்மிடம் இருக்காது. அவற்றை ஒரேயொரு மடிக்கணினியை நம்பி வைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

கூகுள் கீப் கைப்பேசியில் சிக்னல் இல்லாமலும் எழுத விடும். மேட்டுக்கு ஏறியதும் தானாகவே மேலேற்றிக்கொள்ளும். பழக வேண்டியது எதுவுமில்லை. என் மாணவிகள் கதை எழுதுவது அதில்தான்.

பண்டாரவளை எழுதியது:
டீச்சர், வேறிடத்தில் ஒரு பிரதி வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் பிரதி வேறு, வீடு வேறு. குறிப்புகளின் வீடே இன்னொருவருடைய சேவையகத்தில் இருந்தால் அவர் விதியை மாற்றும்போது நாம் என்ன செய்வது? எவர்நோட் என்ற குறிப்புச் செயலியை நம்பி எழுத்தாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்தார்கள். 2023 டிசம்பரில் இலவசப் பயனருக்கு ஒரு குறிப்பேடு, 50 குறிப்புகள் என்று வரம்பு வந்துவிட்டது. நாவல் எழுதுகிறவனுக்கு 50 குறிப்பு ஒரு பாத்திரத்துக்கே போதாது.

கீப்பில் ஒரு குறிப்பு சுமார் 20,000 குறியீடுகளோடு நின்றுவிடும். தமிழில் 'கொ' ஒன்றே இரண்டாகக் கணக்காகும். ஒரு மூதாட்டியின் முழு வாக்குமூலம் அதற்குள் அடங்காது. நோஷனில் இணையமில்லாமல் வேலை செய்யும் வசதியே 2025இல்தான் வந்தது. அதிலும் இலவசக் கணக்கில் வேண்டிய பக்கங்களை முன்கூட்டியே குறித்து இறக்கி வைத்திருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் போனபோது என் கோப்புகள் என்னிடமே இருந்தன. மின்கலம் இருந்த மட்டும் எழுதினேன்.

தெல்தோட்டை எழுதியது:
பெரியவர்களுக்கு முன்னால் கைப்பேசியை நீட்டினால் பேச்சு சுருங்கிவிடுகிறது. கொப்பியும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். செயலியெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு.

நானுஓயா எழுதியது:
கொப்பியில் நாம் எழுதுவது நம்முடைய வாக்கியம், அவர்களுடையது அல்ல. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் 'பிரட்டுக்களத்தில்' ஓர் அம்மா மேற்பார்வை செய்யும் கங்காணியை எப்படித் திட்டினாள் என்பதை நாவலில் கொண்டுவர ஒலிப்பதிவு வேண்டும். அனுமதி கேட்டுவிட்டுக் கைப்பேசியைப் பாயில் வைத்துவிட்டால் சற்று நேரத்தில் அதை மறந்துவிடுகிறார்கள்.

பொகவந்தலாவை எழுதியது:
இன்னொரு சிக்கல். 'கொழுந்து' என்று தேடினால் சில குறிப்புகள் வருகின்றன, சில வருவதில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒரே சொல்தான்.

மடுல்சீமை எழுதியது:
அதற்குக் காரணம் உண்டு. இன்று எல்லாக் கருவிகளும் பயன்படுத்தும் யூனிகோடு எழுத்து முறையில் 'கொ' என்பதைக் ககரத்தோடு 'ொ' என்ற ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஆனால் தேடும்போது அப்படிச் சமப்படுத்தாத செயலியில் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. பாமினியிலிருந்து மாற்றிய கோப்புகளில் இதைக் கவனியுங்கள். மாற்றாத பாமினிக் குறிப்புகள் இன்னும் மோசம். அவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கின்றன, எழுத்துரு இல்லாத கைப்பேசியில் எவராலும் வாசிக்க முடியாது. எந்தச் செயலிக்குப் போனாலும் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு 'கொழுந்து', 'தோட்டம்', 'கௌரி' போன்ற சொற்களைத் தேடிச் சோதித்துவிட்டுச் செயலியைத் தீர்மானியுங்கள்.

இருவரும் தொடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த முதியவர்கள் 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றிப் பேசுவார்கள், தொழிற்சங்கச் சண்டைகளைப் பற்றிப் பேசுவார்கள், பெயர் சொல்லியே பேசுவார்கள். அதைக் காப்பது நம் கடமை. ஜொப்ளின் என்ற குறிப்புச் செயலி இலவசம், அதன் நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது. நம்மைத் தவிர எவரும் வாசிக்க முடியாதபடி பூட்டும் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தை இயக்கிவிட்டு டிராப்பாக்ஸிலோ ஒன்டிரைவிலோ பிரதி வைத்தால், பிரதி வெளியே இருக்கும், உள்ளடக்கம் பூட்டியிருக்கும். கீப்பில் அந்தப் பூட்டு இல்லை.

பண்டாரவளை எழுதியது:
ஜொப்ளின் நல்லதுதான். ஆனால் அது குறிப்புகளைத் தன் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்கிறது. கோப்பாக வேண்டுமென்றால் ஏற்றுமதி செய்தாக வேண்டும். நான் ஒப்சிடியனிலேயே நிற்கிறேன்.

நானுஓயா எழுதியது:
நீங்கள் இருவரும் மடிக்கணினி உள்ளவர்களாகப் பேசுகிறீர்கள். மலையகத்தில் எழுத வருகிற பிள்ளைகள் பெரும்பாலோரிடம் இருப்பது ஒரு கைப்பேசி, அதுவும் வீட்டாருக்கெல்லாம் பொதுவானது. அவர்களிடம் கோப்புறை, மறைகுறியாக்கம் என்று தொடங்கினால் எழுத்தை விட்டே போய்விடுவார்கள். அவர்களுக்குக் கீப் போதும். கூகுளின் டேக்அவுட் சேவை மூலம் மொத்தமாக இறக்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் பெயர் சொல்லிக் கொடுத்த சாட்சியங்களை அதில் வைக்கக்கூடாது என்று மடுல்சீமை சொன்னது சரி. அதை என் மாணவிகளுக்கும் சொல்வேன்.

பொகவந்தலாவை எழுதியது:
சாட்சியங்கள் ஜொப்ளினில், பூட்டோடு. நாவலின் அத்தியாயங்களும் பாத்திரங்களும் ஒப்சிடியனில். ஒலிக்கோப்புகளின் ஒரு பிரதியைப் பென் டிரைவில் கொழும்பிலிருக்கும் அக்காவிடம் கொடுத்துவைக்கிறேன். பாமினியை மாற்றும் வேலையை இந்த வாரம் தொடங்குகிறேன். மாற்றிய பின் கொம்பும் காலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, ஒரு கோப்பை அனுப்பினால் மடுல்சீமை அண்ணன் பார்த்துச் சொல்வீர்களா?

மடுல்சீமை எழுதியது:
அனுப்புங்கள். பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.